இறந்தவற்றையும் எண்ணச் சொன்ன மீனறை அண்ணனுக்கு

முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளியாமல் மீனறை காத்த முதல்வரே! கண்ணாடித் தொட்டிகளுக்குக் கண்ணிமையாய் நின்ற காவலரே! நீரின் நிறம் மாறுமுன் அதன் நோயறிந்த நுண்ணறிவாளரே! பேசும் சொல்லை அளந்தும் பிடிக்கும் முட்டையை எண்ணியும் பிசகாத பெருந்தகையே! நிறுவனத்தின் பதிவேட்டில் மீனறைக் காப்பாளர் என்றும், எங்கள் நாவில் தொட்டி அண்ணன் என்றும் நிலைத்த அன்பரே! தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, தங்களோடு உழைத்த நாங்கள் கைகூப்பி வணங்கி இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

தாங்கள் வந்து சேர்ந்த நாளில் மீனறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு குறுகிய அறை. அதில் பன்னிரண்டு தொட்டிகள். இன்று அது தரைத்தளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நானூற்று எண்பது தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீன்கள். அத்தனைக்கும் வேளை தவறாமல் உணவிட்டவர் தாங்கள். வெப்பமானி சொல்லுமுன் புறங்கையை நனைத்தே நீரின் சூட்டைச் சொன்னவர் தாங்கள். காற்றுக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், அறை வாசலிலேயே தலையைச் சாய்த்து, "நாலாவது வரிசைல ஒண்ணு மூச்சு விடலயே" என்று காதாலேயே கண்டுபிடித்தவர் தாங்கள். விடுப்பு எடுத்த நாட்களிலும் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, நான்காம் முறை நேரிலேயே வந்து நின்றவரும் தாங்களே!

இவற்றை எல்லோரும் அறிவர். எல்லோரும் அறியாத ஒன்றைச் சொல்லவே இம்மடலை எழுதினோம். அது பதினொரு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால், "அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று எழுந்து, நீரேற்றி ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே சிறிது நேரத்துக்குத் தங்களை 'அண்ணன்', 'அவர்' என்றே குறிக்கப்போகிறோம். வேறு யாருடைய கதையோ என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருங்கள். வீட்டில் நடந்தவற்றைத் தங்கள் துணைவியார் எங்களிடம் சொன்னார். அம்மையார் ஒன்றையும் மறைக்கவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

வந்திருக்கும் உறவினர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அண்ணனின் மைத்துனர் பார்க்கும்போதெல்லாம், "என்ன மச்சான், மீனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்று கேட்பாராம். அந்த அறையில் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் இன்று தெரியட்டும்.

நம் உடல் உயிரணுக்களால் ஆனது. உயிரணு எப்படிப் பிறக்கிறது என்று எல்லோரும் பேசுகிறோம். அதற்குச் சாகவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். வேளை வந்தால் தன்னைத் தானே ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு விடைபெறும் ஏற்பாடு உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை நடத்துபவை சில புரதங்கள். அவற்றில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று கொல்லிக் கட்சி. உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு கூடத்தின் சுவரில் இவை ஓட்டை போடும். உள்ளிருப்பது கசியும். கசிந்தால் போதும், வெட்டும் நொதிகள் விழித்துக்கொண்டு உயிரணுவைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடும். மற்றது காவல் கட்சி. கொல்லிகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னும் வேளை வரவில்லை, சும்மா இரு என்று அடக்கி வைப்பது இவற்றின் வேலை. இந்த இரு கட்சிகளின் இழுபறியில்தான் ஓர் உயிரணு இருப்பதும் போவதும் தீர்மானமாகிறது.

இது கருவில் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். நம் கை முதலில் துடுப்பு போலத்தான் உருவாகிறது. விரல்களுக்கு இடையே உள்ள உயிரணுக்கள் விடைபெற்ற பிறகே விரல்கள் பிரிகின்றன. மூளை தேவைக்கு மேல் நரம்பணுக்களை உண்டாக்கிவிட்டு, இணைப்புக் கிடைக்காதவற்றை வழியனுப்பி வைக்கிறது. சாவு கூடினாலும் கரு கெடும், குறைந்தாலும் கெடும். புற்றுநோயிலோ பெரும்பாலும் குறைவதே சிக்கல். காலி செய்யச் சொன்ன பிறகும் வீட்டை விடாமல், வாசலுக்கு நாலு காவலாளியை வேறு நிறுத்திக்கொள்ளும் குடித்தனக்காரரைப் போல, பல புற்றணுக்கள் காவல் புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்துகொண்டு போக மறுக்கின்றன.

அத்தகைய காவல் புரதம் ஒன்றின் பிடியைத் தளர்த்தும் மருந்தைத்தான் எங்கள் பேராசிரியையின் குழு அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது. குடுவையில் வளர்த்த புற்றணுக்களை அது கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. ஒரு மருத்துவமனை அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆயத்தமாக இருந்தது. அதற்குமுன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இம்மருந்து வளரும் கருவைத் தொடுமா? நோயாளிகளில் இளம்பெண்களும் இருப்பார்கள். கருவுற்றது தமக்கே தெரியாத முதல் வாரங்களில் அவர்களில் ஒருவர் இதை உட்கொண்டால் என்ன ஆகும்?

இங்கேதான் மீன் வருகிறது. வரிக்குதிரை மீனின் முட்டை கண்ணாடி போலத் தெளிவானது. இன்று காலை இட்ட முட்டைக்குள் நாளைக் காலைக்குள் தலையும் வாலும் கண்ணும் வந்துவிடும். ஒரு கரு வளர்வதை வெளியிலிருந்தே, அதற்கு வலிக்காமல், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஓர் இளம்பெண். முனைவர் பட்டத்துக்காக மூன்றாண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர். அண்ணன் அவரை முதல் நாளிலிருந்தே 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டார்.

"இன்னும் டாக்டர் ஆகலண்ணா. அப்படிக் கூப்பிடாதீங்க, கண்ணு பட்டுடும்."

"ஆகற வரைக்கும் காத்திருந்தா எனக்கு மறந்து போயிடும்மா. இப்பவே பழகிக்கறேன்."

இருவரின் வேலையும் கடிகார முள் போல நடந்தது. ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரே தொட்டியில் தடுப்பு வைத்துப் பிரித்திருப்பார் அண்ணன். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்தால் அரை மணி நேரத்தில் முட்டை விழும். ஒரே ஜோடி இட்ட ஒரே ஈட்டு முட்டைகளைப் பல தட்டுகளில் பிரித்து வைப்பார். மதியம் ஆராய்ச்சியாளர் வந்து பாதித் தட்டுகளில் மருந்து சேர்ப்பார். பாதியில் வெறும் நீர். எது எது என்று அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளி ஒட்டியிருப்பார். பொருள் ஆராய்ச்சியாளருக்கு மட்டுமே தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் முதல் ஆளாக வருவார். வந்ததும் செய்யும் முதல் வேலை, தட்டுகளில் வெளுத்துக் கிடக்கும் முட்டைகளைப் பிப்பெட் குழலால் உறிஞ்சி எடுத்து எறிவது. எந்த ஈட்டிலும் சில முட்டைகள் கருவே பிடிக்காதவை. மறுநாள் அவை சுண்ணாம்புப் பொட்டு போலக் கிடக்கும். விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். "தட்டு சுத்தமா இருந்தாத்தான் புள்ளைங்க நல்லாருக்கும்" என்பது அவர் வாக்கு. ஒன்பது மணிக்கு ஆராய்ச்சியாளர் வந்து, துப்புரவான தட்டில் துடித்துக்கொண்டிருக்கும் கருக்களை எண்ணித் தொடக்க எண்ணிக்கை என்று ஏட்டில் எழுதுவார். அதிலிருந்து ஐந்து நாள் பார்ப்பார்.

எங்கள் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக அதுவே வழக்கம். அப்படித்தான் கற்றோம், அப்படித்தான் கற்பித்தோம். யாரும் அதில் பிழை காணவில்லை. ஏனென்றால், உயிரணுவைச் சாகத் தூண்டும் மருந்தை அதுவரை யாரும் அந்தத் தட்டில் ஊற்றியதில்லை.

அண்ணனுக்கு மட்டும் மனத்தில் ஒரு நெருடல் இருந்தது. சில தட்டுகளில் வெளுத்த முட்டை மிகுதியாக விழுந்தது. அவர் பழியை ஆண் மீன்கள் மேல் போட்டார். வயதாகிவிட்டது, கரு பிடிக்கவில்லை என்று எண்ணி, அவற்றை மாற்றினார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் மாற்றினார். மூன்றாம் முறை மாற்றும்போது, கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் எங்கள் சக ஊழியர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னண்ணே, மாப்பிள்ளைய மாத்திக்கிட்டே இருக்கீங்க? பொண்ணு வீட்டுல கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா உன்னைத்தான் காட்டலாம்னு இருக்கேன். பேசாம போய்க் கழுவுடா."

இப்படியே எட்டு மாதம் ஓடியது. சோதனை முடிந்தது. அறிக்கை வெள்ளிக்கிழமை மருத்துவமனைக் குழுவுக்குப் போகவேண்டும். புதன்கிழமை பிற்பகல், ஆராய்ச்சியாளர் கூட்ட அறையில் தம் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அதே அறையின் மூலையில் பார்வைக்கு வைத்திருந்த தொட்டியை அண்ணன் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை நீருக்குள்.

"மருந்து சேர்த்த தட்டுகளில், முதல் நாளில் இறந்த கருக்களின் எண்ணிக்கை பூஜ்யம்" என்றார் ஆராய்ச்சியாளர் திரையைப் பார்த்து. "எனவே கருவின் தொடக்க நிலையில் இம்மருந்தால் பாதிப்பு இல்லை எனக் கருதலாம்."

அண்ணனின் கை நீருக்குள் நின்றது.

பூஜ்யமா? தினமும் காலையில் எடுத்துப் போட்டது பின்னே என்ன? அதுவரை அவர் எடுத்து எறிந்தது கரு பிடிக்காத முட்டை என்றே நம்பியிருந்தார். இப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே ஈட்டு முட்டை. அதில் மஞ்சள் புள்ளித் தட்டில் நாலைந்துதான் வெளுக்கும், பச்சைப் புள்ளித் தட்டில் மட்டும் வாரி வாரி வெளுக்கும். தந்தை மேல் குற்றமிருந்தால் இரண்டு தட்டிலும் அல்லவா வெளுத்திருக்க வேண்டும்?

ஒத்திகை முடியும்வரை காத்திருந்து, கையைத் துடைத்தபடியே கேட்டார்.

"டாக்டரம்மா, பச்சைப் புள்ளி வெச்சது எது? மருந்தா, தண்ணியா?"

"மருந்துண்ணா. அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே, இப்ப சொல்லலாம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்மா."

சும்மா என்ற அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மனைவி தையற்காரர். சாயங்காலம் வாசல் அறையில் யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தார். கணவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்ததைப் பார்த்ததும் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலேயே கேட்டார்.

"என்னங்க, எந்த மீனு செத்துச்சு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "நான்தான் எடுத்துப் போட்டேன்" என்றார். மீனறை வேலை அப்போது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வேலை. புதுப்பிக்கும் மாதம் அடுத்த மாதம். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே இருவருக்கும் தெரியும்.

"உங்களை யாராச்சும் எண்ணச் சொன்னாங்களா?" என்றார் மனைவி.

"இல்ல."

"எடுக்கச் சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப உங்க தப்பு இதுல எங்க வந்துச்சு?"

"தப்பு யாருதுங்கறது இல்லம்மா. அந்தப் பொண்ணு மூணு வருஷமா ராப்பகலா உழைச்சிருக்கு. நான் வாயத் தொறந்தா மண்ணாப் போயிடும். தொறக்கலன்னா..."

இயந்திரம் நின்றது. "தொறக்கலன்னா? அந்த மருந்த யாருக்குக் குடுப்பாங்க?"

"புத்து வந்தவங்களுக்கு. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும்."

"பொம்பளைக்கும்னா, வயித்துல தங்குனது தெரியாத பொம்பளைக்குமா?"

மனைவி ஊசியிலிருந்து நூலை அறுத்தார்.

"நாளைக்கு நீங்க ஏழு மணிக்குப் போக வேணாம்."

"ஏன்?"

"ஆறரைக்கே போங்க. வழியில யோசிச்சுத் திரும்பி வந்துடாதீங்க."

ஆனால் வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வந்து என்ன பயன்? பேராசிரியை வருவது எட்டரைக்கு. அந்த இரண்டு மணி நேரமும் அவர் துடைத்த தொட்டியையே துடைத்துக்கொண்டிருந்தார் என்று சாட்சி சொல்ல ஆளிருக்கிறது. எட்டரைக்குப் பேராசிரியையின் அறைக்கதவைத் தட்டினார். உள்ளே ஆராய்ச்சியாளரும் இருந்தார். மேசை மேல் அச்சிட்ட அறிக்கை இருந்தது.

"மேடம், முதல் நாள் பூஜ்யம் இல்லீங்க" என்றார். "காலைல நான் எடுத்துப் போட்டுடறேன். பச்சைப் புள்ளித் தட்டுல ரொம்ப எடுத்திருக்கேன்."

ஆராய்ச்சியாளர் சிரித்தார். "அது கரு பிடிக்காத முட்டைண்ணா. எல்லாத் தட்டுலயும்தான் இருக்கும்."

"நானும் அப்படித்தான்மா நெனச்சேன்."

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்பன்னா எவ்வளவு? எண்ணி வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம். எடுத்ததை எண்ணல."

எறிந்தது எறிந்தாயிற்று, எத்தனை எறிந்தோம் என்பதும் அதோடு போயிற்று. பேராசிரியை யோசித்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டார். இருபது ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் அண்ணனிடம் கேட்காத கேள்வி.

"முந்தின நாள் தட்டுல போடறீங்களே, அது எத்தனை முட்டை?"

"ஐம்பது."

"ஏறக்குறைய ஐம்பதா?"

"ஏறக்குறைய எல்லாம் இல்லீங்க. ஐம்பது."

"எல்லாத் தட்டுலயுமா? எட்டு மாசமும்?"

"பத்து பத்தா அஞ்சு தடவை எடுத்துப் போடுவேன் மேடம். சந்தேகம் வந்தா மறுபடி எண்ணுவேன். கூட்டமா இருந்தா மூச்சு முட்டும், கம்மியா இருந்தா தண்ணி வீணு."

ஆராய்ச்சியாளரின் முகம் மாறியது. கை தானாகவே ஏட்டை எடுத்தது. அண்ணன் முட்டைகளைக் குத்துமதிப்பாக அள்ளிப் போடுகிறார் என்றே அவர் மூன்றாண்டும் நினைத்திருந்தார். அதனால்தான் தொடக்க எண்ணிக்கை தட்டுக்குத் தட்டு வேறுபடுகிறது என்று கொண்டு, அந்த வேறுபாட்டை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இப்போது விரலை வைத்துப் படித்தார். மஞ்சள் புள்ளி: நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. பச்சைப் புள்ளி: இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தேழு, முப்பது. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் அப்படியே. அடுத்த பக்கமும் அப்படியே.

ஐம்பதிலிருந்து கழித்தால் போதும். வெறும் நீரில் காணாமல் போனவை நாலைந்து. மருந்தில் காணாமல் போனவை இருபதையொட்டி. இறந்தவை குப்பைக்குப் போய்விட்டாலும், அவை இருந்த இடம் ஆராய்ச்சியாளரின் கையெழுத்திலேயே ஏட்டில் காலியாகக் கிடந்தது.

"மூணு வருஷம்ணா" என்றார் அவர். "ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்ற பதில் அண்ணனின் நாக்கு நுனி வரை வந்ததாம். அதை விழுங்கிவிட்டு, "சொல்லிருக்கணும்மா. எனக்குத் தெரியல" என்றார்.

பேராசிரியை எழுந்து இருவருக்கும் நடுவே வந்து நின்றார். "இதுல தனியா யாரு தலையிலயும் பழி போட முடியாது. இந்த வழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சதே நான்தான். நம்ம உடம்பே இதத்தான் பண்ணுது, தெரியுமா? ஓர் உயிரணு செத்தா, பக்கத்துல இருக்கறது அதை உடனே விழுங்கிச் சுத்தம் பண்ணிடும். அவ்வளவு வேகம். அதனாலயே நுண்ணோக்கியில பாத்தவங்க ரொம்ப நாளா, கருவுல இவ்வளவு சாவு நடக்குதுன்னே நம்பல. சுத்தம் நல்லதுதான். ஆனா சுத்தம் பண்றவங்களைக் கேக்காம எண்ணக் கூடாது." பிறகு மருத்துவமனைக் குழுவைத் தொலைபேசியில் அழைத்தார். அறிக்கை நாளை வராது, இரண்டு மாதம் வேண்டும் என்றார். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அவர் மூன்று முறை, "இல்லை, வராது" என்றே சொன்னார்.

ஆராய்ச்சியாளர் இரண்டு நாள் அந்த ஏட்டையே பக்கம் பக்கமாகக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, அண்ணனுக்கு முன்பே மீனறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு எதையும் எறியாதீங்கண்ணா."

"எறியாம விட்டா தண்ணி கெட்டுடும்மா" என்றார் அண்ணன். "நான் ஒண்ணு சொல்றேன், சரியா வருமா பாருங்க. கரு பிடிச்சுதா இல்லையான்னு முட்டை விழுந்த அன்னைக்கே பதினோரு மணிக்குத் தெரிஞ்சுடும்ல? மருந்து ஊத்தறதுக்கு முன்னாடியே பிடிக்காததை நுண்ணோக்கியில பாத்துப் பொறுக்கிடுவோம். கரு பிடிச்சதா மட்டும் ஐம்பது வைப்போம். அப்புறம் மறுநாள் வெளுத்துக் கெடக்கறதெல்லாம் உசுரு இருந்து போனதுதானே? அதைக் குழித்தட்டுல தனித்தனியா எடுத்து வெக்கறேன். நீங்க வந்து எண்ணுங்க. எண்ணினப்புறம் எறியறேன்."

ஆராய்ச்சியாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏண்ணா முன்னாடியே..." என்று தொடங்கி, தாமே நிறுத்திக்கொண்டார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஏழு வாரம் வேலை நடந்தது. இம்முறை வைத்ததையும் எண்ணினார்கள், இருந்ததையும் எண்ணினார்கள், இறந்ததையும் எண்ணினார்கள். விடை ஐயத்துக்கு இடமின்றி வந்தது. முதல் நாளிலேயே மருந்தைச் சேர்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கருக்கள் மறுநாள் காலையைக் காணவில்லை. மூன்றாம் நாளில் சேர்த்தாலோ ஏறத்தாழ எல்லாமே பிழைத்தன.

ஏன் அப்படி? கருவின் தொடக்கத்தில் கொல்லிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அந்த ஒரே காவல் புரதம்தான். நாள் செல்லச் செல்ல வேறு காவலர்களும் வேலைக்கு வந்து சுமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்போது ஒருவரின் பிடியைத் தளர்த்தினாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். முதல் நாள் கருவுக்கு அந்த வசதி இல்லை. வியப்பு என்னவென்றால், எங்கள் குடுவையில் வளர்ந்த புற்றணுக்களும் அந்த ஒரே காவலரை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன. அதனால்தான் மருந்து அவற்றை அப்படிச் சாய்த்தது. வாழ வேண்டிய இளங்கருவும் போக வேண்டிய புற்றணுவும் ஒரே தூணில் சாய்ந்து நிற்கின்றன! மருந்துக்கு யார் சாய்ந்திருக்கிறார் என்று பார்க்கத் தெரியாது. தூணை மட்டும்தான் தெரியும். பார்த்துக் கொடுக்க வேண்டியது மனிதர்கள்.

மருந்து கைவிடப்படவில்லை. அறிக்கை நிபந்தனையோடு போயிற்று. கருவுறக்கூடிய எந்தப் பெண்ணுக்கும், கருவுற்றிருக்கிறாரா என்று சோதித்துப் பார்த்து, விவரம் சொல்லி, அவர் ஒப்புதல் பெறாமல் இதைத் தரக் கூடாது. ஆராய்ச்சியாளரின் மூன்றாண்டு உழைப்பு மண்ணாய்ப் போகவும் இல்லை. பட்டம் ஓராண்டு தள்ளி வந்தது. ஆனால் அந்தப் பச்சைப் புள்ளித் தட்டுகளே அவருடைய ஆய்வேட்டின் மையமாயின. அண்ணனின் வேலையும் புதுப்பிக்கப்பட்டது. அவ்வாண்டோடு அது நிலையான வேலையும் ஆயிற்று.

அண்ணனே! கதை முடிந்தது, இனித் தங்களிடமே பேசுகிறோம்.

குறைவாகப் பேசி நிறைவாக உழைத்த நல்லவரே! தம் கையால் நேர்ந்ததைத் தம் வாயால் உரைத்த தகைமையாளரே! பிழையை மறைத்தால் பிழைப்பு நிலைக்கும் என்ற வேளையில், பிழைப்பைத் தள்ளிவைத்துப் பிறர் பிள்ளையை எண்ணிய பெருமனத்தாரே! தங்களை நேர்மையாளர் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. நாங்கள் தங்களிடம் கற்றது அதைவிடக் கொஞ்சம் கடினமானது. யாரும் கேட்காதபோதும் எண்ணிச் செய்யும் வேலைதான், கேள்வி வரும் நாளில் விடையாய் நிற்கிறது. தாங்கள் அன்றாடம் ஐம்பதை எண்ணியிராவிட்டாலும், தங்கள் உண்மையை நாங்கள் நம்பியிருப்போம். ஆனால் எட்டு மாத ஏட்டில் அதை ஒரே காலையில் கண்டிருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் இவ்வவையில் சொல்லிவிடுகிறோம். அறிக்கை போய் இரண்டாண்டு கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயாளியின் பெயர் இல்லை, வயது இல்லை. மருந்து தொடங்குமுன் செய்த சோதனையில் ஒரு பெண் கருவுற்றிருப்பது தெரியவந்தது. விவரம் அவருக்குச் சொல்லப்பட்டது. அவருக்கு வேறு சிகிச்சை முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வளவுதான் அதில் இருந்தது. பேராசிரியை அதை எடுத்துக்கொண்டு மீனறைக்கு வந்து தங்களுக்குப் படித்துக் காட்டினார். தாங்கள், "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மீனுக்கு உணவிடத் திரும்பிவிட்டீர்கள். ஒரே தொட்டிக்கு இரண்டு முறை உணவிட்டீர்கள். தங்கள் பணிக்காலத்தில் நாங்கள் கண்ட ஒரே கைப்பிசகு அது.

அன்புடையீர்! இயற்கை தங்கள்மேல் அருள்கூர்ந்து, தங்கள் உடலில் போக வேண்டிய உயிரணு ஒவ்வொன்றும் வேளையறிந்து போகவும், இருக்க வேண்டியது ஒவ்வொன்றும் இடமறிந்து இருக்கவும், காவலரும் கொல்லியரும் தத்தம் கடமை தவறாதிருக்கவும், அதனால் தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயின்றி, குறையின்றி, நூறாண்டு கடந்து வாழவும் வாழ்த்துகிறோம். இனி விடுமுறை நாளில் மீனறைக்கு வராதீர்கள் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. வாருங்கள், வரும்போது கதவைத் தட்ட வேண்டாம்.

கடிதத்தில் வந்த அந்தப் பெண் யார், அதன்பின் என்ன ஆனார், அவர் குழந்தையைக் கையில் ஏந்தினாரா, ஒன்றையும் நாங்கள் அறியோம். கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. அவரும் தங்களை அறியார். ஆயினும் உறுதியாக அறிந்தது ஒன்று உண்டு. அந்த மருந்தை அவர் கையில் கொடுப்பதற்கு முன், ஒருவர் நின்று, கரு உண்டா என்று அவரிடம் கேட்டார்.

தங்களோடு ஒரே கூரையின் கீழ் உழைத்த பெருமையோடு,
பேராசிரியை, ஆராய்ச்சியாளர்கள், நுண்ணோக்கி அறையினர், கண்ணாடிப் பாத்திரக் கழுவகத்தார், அலுவலகத்தார், காவலர்கள்,
மற்றும் இன்று காலை ஏழு மணிக்கு மீனறையைத் தங்களிடமிருந்து பொறுப்பேற்றுக்கொண்டவர்.